ஆறு பத்து பஸ்ஸில் போகும் பால்

நவம்பர் 1, சனி

கடை முதலாளி ஜனவரியில் கொடுத்த டைரி இது. பத்து மாதமாகப் பீரோவில் புடவைகளுக்கு நடுவே சும்மா கிடந்தது. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது, "எப்பப்ப பால் குடுத்தீங்க, எத்தனை தடவை ஈரம் பண்ணுச்சுன்னு எழுதி வச்சுக்கங்கம்மா" என்று நர்ஸ் சொன்னார். அதற்காக எடுத்தேன். நான் எழுத ஆரம்பித்தால் அதோடு நிற்குமா? ஆறு வருஷமாக டி.டி.பி. கடையில் உட்கார்ந்து ஊராருடைய கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்துக் கொடுத்தவள். என் வீட்டு விசேஷத்தை நான்தானே அடிக்க வேண்டும்.

விசேஷம் இதுதான். அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை, ஒரு மாதம் முன்னதாகவே ஆபரேஷன் செய்து இரட்டைக் குழந்தைகளை எடுத்தார்கள். மூத்தவன் ஆண், இரண்டு கிலோ முந்நூறு. இரண்டு நிமிடம் பிந்தியவள் பெண், ஒரு கிலோ முந்நூறு. ஒரே வயிற்றில் இருந்துகொண்டு தங்கச்சி பங்கையும் சேர்த்துத் தின்றிருக்கிறான் தடியன்.

அவள் இன்னும் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். அங்கே அம்மாக்கள் தங்க ஒரு கூடம் உண்டு. ஆனால் அதில் வேறு குழந்தையோடு தங்க முடியாது. இவனை விட்டுவிட்டு அவளோடு இருப்பதா, அவளை விட்டுவிட்டு இவனோடு வருவதா? என் வீட்டுக்காரர் நந்தகோபால்தான் முடிவு செய்தார். "நான் இங்க வராண்டாவுல இருந்துக்கறேன். நீ அவனைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போ." எனக்குத் தையல் ஓரத்தில் நீர் கசிகிறது. நான்கு வாரத்துக்குப் பஸ் பயணமே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் என் மகள். இங்கே நானும் துரையும். துரை என்பது இவன்தான். வந்ததிலிருந்து தூக்கம்.

நாங்கள் வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டவர்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் யாரும் வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை. (சும்மா எழுதுகிறேன். வாசலில் ஆட்டோ நின்றபோதெல்லாம் எட்டிப் பார்த்தேன்.)

நவம்பர் 2, ஞாயிறு

காலையில் மார்பு இரண்டும் கல்லாகிவிட்டன. தொட்டாலே உயிர் போனது. துரை நான்கு வாய் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டார்.

எங்கள் லைனில் எட்டு வீடுகள். எல்லோரும் விசைத்தறிக்குப் போகிறவர்கள். முதல் வீட்டு மைனாவதி அக்காவுக்கு மூன்று பிள்ளைகள், இரண்டு தறி, ஓயாத வாய். நான் அழுவது எட்டு வீட்டுக்கும் கேட்டிருக்கும். அவர்தான் வந்தார்.

"ஏம்மிணி, கட்டிக்கிச்சா? சொல்றதுக்கென்ன? வாய்ல கொழுக்கட்டையா?"

சுடுதண்ணீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தார். கையால் எடுக்கச் சொல்லிக் கொடுத்தார். "மாட்டுக்குப் பீச்சற மாதிரி இழுக்காத. கறுப்புக்குப் பின்னால விரலை வச்சு, உள்ளுக்கா அமுக்கு, விடு. அமுக்கு, விடு. அவசரமில்லாம." அரை டம்ளர் வந்தது. அதை என்ன செய்வது என்று விழித்தேன்.

"சாக்கடைல ஊத்தப் போறயா? அங்கொருத்தி கெடக்கறாளே, அவளுக்கு அனுப்பு."

"எப்படீங்க்கா?"

"பஸ்ஸுலதான். நூல் சாம்பிள் போகுது, ஜாதகம் போகுது, கருவேப்பிலைக் கட்டு போகுது. பால் போகாதா?"

நந்து ஆஸ்பத்திரியில் கேட்டார். கொதிக்க வைத்த பாட்டிலில், ஐஸுக்கு நடுவே, நேரத்தோடு வந்து சேர்ந்தால் தாராளமாகக் கொடுக்கலாம் என்றார்களாம். சாயங்கால பஸ்ஸிலேயே மூடி போட்ட குட்டிப் பாட்டில்கள் வந்துவிட்டன, ஐம்பது மில்லி பிடிப்பவை.

போகிற போக்கில் அக்கா துரையின் இடுப்பில் கறுப்பு அரைஞாண்கயிறு கட்டிவிட்டுப் போனார். கண் படக் கூடாதாம். இவன் மேல் யார் கண் வைக்கப் போகிறார்கள்?

நவம்பர் 3, திங்கள்

முதல் பெட்டி போயிற்று. தெர்மக்கோல் பெட்டி என் கடையிலிருந்து, ஐஸ் ஐந்தாம் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து, பாட்டில் இரண்டு. ஷிப்ட் முடித்து வந்தவர்கள் முகம்கூடக் கழுவாமல் பெட்டியை ஸ்டாப்புக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். காலை ஆறு பத்து பஸ் கண்டக்டர் ஈஸ்வரமூர்த்தி பெட்டியை வாங்கித் தன் சீட்டுக்கடியில் வைத்து, "பாப்பா பாலு வண்டில இருக்குது, பள்ளம் பாத்துப் போப்பா" என்று டிரைவரிடம் சொன்னாராம். அக்கா வந்து நடித்தே காட்டினார்.

மதியம் நந்து பேசினார். "குழாய் வழியா அஞ்சு மில்லி ஏத்துனாங்க வாணி. செமிச்சிருச்சு." அஞ்சு மில்லி என்றால் ஒரு தேக்கரண்டி. நான் போனை வைத்துவிட்டு அழுதேன்.

அவளை நான் தொட்டதில்லை. ஆபரேஷன் மேஜையில் ஒரு துணிப் பொட்டலத்தை என் முகத்துக்கு நேரே ஒரு நொடி காட்டிவிட்டு ஓடினார்கள். மூக்கை மட்டும்தான் பார்த்தேன். தையல் கசிந்ததால், கிளம்பும்வரை அவள் இருந்த அறைக்குள் என்னை விடவில்லை. பத்து நாளாக அந்த மூக்கை வைத்துக்கொண்டு மீதி முகத்தை நானே வரைந்துகொண்டிருக்கிறேன். என் பால் அவள் வயிற்றுக்குள் போய்விட்டது, நான் இன்னும் போகவில்லை.

துரை: எட்டு முறை பால், ஆறு முறை ஈரம்.

நவம்பர் 4, செவ்வாய்

மூன்று பாட்டில். அவள் எட்டு மில்லி குடித்தாள். சிட்டு என்று பேர் வைத்திருக்கிறேன், வீட்டுப் பேர்.

நவம்பர் 6, வியாழன்

இன்று ஒரு முக்கியமான செய்தி. மார்பில் முதலில் வரும் பால் தண்ணீராக இருக்குமாம். கடைசியில் வருவதுதான் கொழுப்பு. எடை குறைந்த பிள்ளைக்கு அந்தக் கடைசிப் பால் மிகவும் நல்லது என்று அங்கே ஒரு நர்ஸ் நந்துவிடம் சொல்லியிருக்கிறார்.

யோசித்தேன். இனிமேல் துரை முதலில் குடிக்கட்டும், ஐந்து நிமிடம். தாகம் அடங்கியதும் அவனை எடுத்துவிட்டு, மீதியைச் சிட்டுவுக்குப் பீய்ச்சி வைப்பது. முதல் பாதி அவனுக்கு, பின் பாதி அவளுக்கு. நியாயமான பாகம். எட்டு மாதம் உள்ளே இருந்தபோது அவன் நியாயம் பார்த்தானா?

எடுத்தபோது கத்தினான். தோளில் போட்டுத் தட்டினேன். கத்திக் கத்தித் தூங்கிவிட்டான்.

பாட்டிலில் பாலின் மேலே மஞ்சளாக ஓர் ஏடு நின்றது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஜோஸ்பின் வந்தார். மருத்துவமனையிலிருந்து வந்த பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. கையில் துணித்தொட்டில் தொங்கும் தராசு. பிள்ளையைக் கொக்கியில் மாட்டித் தூக்குவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. "இப்பத்தான் தூங்கினான் சிஸ்டர்" என்றேன். எத்தனை முறை ஈரம் என்று கேட்டார். எட்டு என்றேன், உண்மைதான். என் தையலைப் பார்த்தார், சீழ் இல்லை. "அடுத்த வாரம் வந்து எடை பார்க்குறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாட்டில் ஆறு.

நவம்பர் 8, சனி

முருங்கைக்கீரை மூன்றாம் வீடு. பூண்டுக் குழம்பு ஏழாம் வீடு. துணி துவைத்தது ஐந்தாம் வீடு. என்னை எழுந்து நிற்கவே விடவில்லை. "நீ பாலை மட்டும் பாரு அம்மிணி, மிச்சமெல்லாம் நாங்க பாத்துக்கறம்." பெற்றவர்கள் வந்திருந்தால்கூட இவ்வளவு செய்திருப்பார்களா தெரியாது. வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

துரையைக் குளிப்பாட்டும்போது அரைஞாண்கயிறு தொடைக்கு நழுவிவிட்டது. தண்ணீரில் ஊறி இளகிவிட்டது போல. முடிச்சை ஒரு விரல் தள்ளிப் போட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஒன்பது!

ஒன்பது பாட்டில் நிரம்பிப் பெட்டி மூட மாட்டேன் என்றது. லைனே வாசலில் கூடிவிட்டது. இப்போது தறியில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போல "வாணி இன்னைக்கு எத்தனை?" என்றுதான் கேட்கிறார்களாம். கண்டக்டர் தன் பங்குக்கு நடுவழியில் ஐஸ் மாற்றிக்கொடுக்க ஒரு கூல்டிரிங்ஸ் கடையைப் பிடித்திருக்கிறார். ஒரு பஸ் நிறைய ஆட்கள் என் மகளின் சாப்பாட்டோடு போகிறார்கள். அவர்களில் யாராவது ஒருவர் இறங்கி, மாடியேறி, அவளை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, எப்படி இருக்கிறாள் என்று என்னிடம் சொல்லக் கூடாதா?

நந்துவிடம் ஒன்பது என்று சொன்னதும், "அவ்வளவும் ஆயிருச்சு, ஒரு சொட்டு வீணாகல" என்றார். சிட்டு ஒரு கிலோ முந்நூற்றைம்பது.

நவம்பர் 10, திங்கள்

துரை மிகவும் நல்ல பிள்ளை. அழுவதே இல்லை. முன்பெல்லாம் மார்பிலிருந்து எடுத்தால் ஊரைக் கூட்டுவான். இப்போது பழகிவிட்டது. எடுத்த இடத்தில் கிடக்கிறான். என்னைக் கொஞ்சமும் படுத்தவில்லை. இவன் இப்படி இருப்பதால்தான் என்னால் ஒன்பது பாட்டில் நிரப்ப முடிகிறது.

நவம்பர் 11, செவ்வாய்

நர்ஸம்மா மறுபடி வந்தார். கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, பால் குடித்துவிட்டு இப்போதுதான் கண்ணயர்ந்தான் என்றேன். அவன் தூங்கவில்லை. தொட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏன் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை. தெரியாமல் என்ன. பாட்டிலைக் கொதிக்க வைக்க வேண்டும், எழுத நேரமில்லை.

நவம்பர் 12, புதன்

ஒன்பது.

நவம்பர் 13, வியாழன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும். திருத்தக் கூடாது.

காலையில் பெட்டி போனபின் எனக்கு முதுகு வலி. இன்றைக்கு நான் குளிப்பாட்டுகிறேன் என்று மைனாவதி அக்கா துரையை வாங்கிக் காலில் போட்டுக்கொண்டார். எண்ணெய் தேய்த்த கை இடுப்பில் நின்றது.

"இந்த முடிச்சு நான் போட்டதில்லையே. ஆரு மாத்திக் கட்டுனது?"

"நான்தானுங்க்கா. கயிறு எளகிருச்சு. ரெண்டு தரம் தள்ளிப் போட்டேன்."

அக்கா கயிற்றை இழுத்துப் பார்த்தார். அவனுடைய தொடையைப் பிடித்துப் பார்த்தார். தோல் மடிந்து கையோடு வந்தது.

"கயிறு எளகுல அம்மிணி. பையன் எளச்சிருக்கறான்."

அக்கா அவனைத் துடைத்துத் துணியில் சுற்றி என் மடியில் வைத்துவிட்டு, ஈரச் சேலையோடு சுகாதார நிலையத்துக்கு நடந்தார். பத்து நிமிடத்தில் நர்ஸம்மா தராசோடு வந்தார். இந்த முறை நான் எதுவும் சொல்லவில்லை. கொக்கியில் மாட்டித் தூக்கினார்கள். அவன் அதற்கும் அழவில்லை.

இரண்டு கிலோ நூற்றெண்பது. பிறந்ததைவிட நூற்றிருபது குறைவு. இருபது நாள் பிள்ளை.

நர்ஸம்மா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க எப்படிக் குடுக்குறீங்கன்னு எனக்குக் காட்டுங்க" என்றார். காட்டினேன். ஐந்து நிமிடம் ஆனதும் பழக்கத்தில் என் விரல் அவன் வாயோரத்துக்குப் போனது. அவன் வாயை அவனே திறந்து விட்டுவிட்டான். எடுக்கப் போகிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஏம்மா எடுத்தீங்க?"

சொன்னேன். முதல் பாதி அவனுக்கு, பின் பாதி அவளுக்கு என்றேன். சொல்லும்போதே என் காதில் விழுந்தது.

"முதல் பால்ல தண்ணி நிறைய. அதனாலதான் ஈரம் எட்டு தடவை. எல்லாரும் நல்லாயிருக்கான்னு நினைச்சிருக்கோம்" என்றார். "எல்லாரும்" என்று தன்னையும் சேர்த்துக்கொண்டார். அந்த மனுஷியிடம்தான் இரண்டு முறை பொய் சொன்னேன்.

ஆட்டோவில் சுகாதார நிலையம் போனோம். டாக்டரம்மா சோதித்தார். காய்ச்சல் இல்லை, மஞ்சள் காமாலை இல்லை, பசிதான். இரண்டு மார்பிலும் அவனாக விடும்வரை கொடுக்க வேண்டும். அதற்கு மேலும் மீதியைப் பீய்ச்சிப் பாலாடைச் சங்கில் அவனுக்கே புகட்ட வேண்டும். திங்கட்கிழமைக்குள் எடை ஏறாவிட்டால் அவனையும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

"அவளுக்கு?" என்றேன்.

"அங்க தாய்ப்பால் வங்கி இருக்குல்ல? வேற அம்மாமார் பால் குடுப்பாங்க. நாலு நாளைக்கு நீங்க ஒரு பாட்டில்கூட அனுப்பக் கூடாது."

எனக்கு ஆத்திரம் வந்தது. எவளோ ஒருத்தி பாலா என் சிட்டுவுக்கு? அவளுக்கு நான் என்று இருப்பது அது ஒன்றுதானே. முகம் தெரியாது, குரல் தெரியாது, கை தெரியாது. பாலும் இல்லை என்றால் நான் அவளுக்கு யார்?

திரும்பி வந்தபோது லைனே வாசலில் நின்றது. யாரும் எத்தனை என்று கேட்கவில்லை. அக்காதான் பேசினார். "நாம எல்லாருமாச் சேந்து பஸ்ஸையே பாத்துட்டு இருந்தம் அம்மிணி. தொட்டிலை ஒருத்தியும் எட்டிப் பாக்குல." சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். என்னைத்தான் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நான்தான், எனக்கு நானே. வயிற்றில் அவன் எடுத்துக்கொண்டதை அவனிடமிருந்து பிடுங்கிக் கொடுத்தேன். அதைத்தான் நியாயம் என்று எழுதியிருக்கிறேன், ஆறாம் தேதியில் இருக்கிறது. கிழிக்க மாட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

ஆறு பத்து பஸ் போகிற சத்தம் கேட்டது. பெட்டி சமையலறையில் கவிழ்ந்து கிடக்கிறது.

நந்துவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் ஒன்னு மறைச்சுட்டேன் வாணி" என்றார். சிட்டுவுக்கு ஒரு நாளைக்கு நாலு பாட்டிலே அதிகமாம். ஒன்பது போனபோது மீதி ஐந்தையும் பால் வங்கியில் கொடுத்து, கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

"ஒன்பதுன்னு நீ சொன்னப்ப உன் குரல் எப்படி இருந்துச்சு தெரியுமா? ஆபரேஷனுக்கப்புறம் அன்னைக்குத்தான் நீ நீயா பேசின. அதைக் கெடுக்க மனசு வரல."

இவன் இங்கே பசியோடு கிடக்க என் பாலை யார் யார் பிள்ளையோ குடித்திருக்கிறது. போனைச் சுவரில் எறியலாம் போல் இருந்தது. அவர் தொடர்ந்து சொன்னார். பக்கத்துப் பெட்டியில் ஒரு பையனாம். அவன் அம்மாவுக்குப் பிரசவத்தில் வலிப்பு வந்து ஆறு நாள் நினைவில்லையாம். அவன் குடித்தது என் பால்தான் என்று ஒரு நர்ஸ் இவருக்குக் காட்டினாராம்.

எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. போனை வைக்கப் போனவள், "என்ன எடை?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒன்னு நானூறு. இப்ப நல்லாயிருக்கான். அவங்கம்மாவும் முழிச்சுட்டாங்க."

நவம்பர் 15, சனி

துரை: பத்து முறை பால், ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும். பாலாடை ஆறு. பாதி கடைவாயில் வழிகிறது. லைன் பெண்கள் ஷிப்ட் பார்த்து மாறி மாறிப் பிடித்துக்கொள்கிறார்கள், நான் பீய்ச்சுகிறேன். ஐந்து நிமிடம் ஆனால் இன்னும் அவனாகவே வாயை விட்டுவிடுகிறான். திரும்ப வைக்கிறேன். விடுகிறான். வைக்கிறேன். என்னை நம்ப மாட்டேன் என்கிறான்.

பயமாக இருக்கிறது. பால் குறைந்துவிட்டது வேறு. நேற்றுவரை பீறிட்டு வந்தது, இன்று சொட்டுகிறது. மனசு வறண்டால் மாரும் வறளுமா? கையில் இவன் இருக்கிறான், நினைப்பு முழுவதும் ஒன்றரை மணி நேரத்துக்கு அந்தப் பக்கம். அவள் இப்போது யாருடைய பாலைக் குடிக்கிறாள்? அந்தப் பெண்ணுக்கு என்ன வயசு? அவள் என்ன சாப்பிட்டாள்?

நவம்பர் 16, ஞாயிறு

மாலை பஸ்ஸில் கண்டக்டர் ஒரு மஞ்சப்பையைக் கொடுத்தனுப்பியிருந்தார். நந்து அனுப்பியது. உள்ளே ஒரு கைக்குட்டை அளவு பருத்தித் துணி, பிளாஸ்டிக் கவரில் இறுக்கி முடிந்து. கூடவே ஒரு துண்டுச்சீட்டு. "இரண்டு நாளாக இவள் தலைக்கடியில் இருந்தது. நர்ஸ் கொடுத்தார். துவைக்காதே."

கவரைப் பிரித்து முகத்தில் வைத்தேன்.

முதலில் மருந்து வாடை. அதற்கு அடியில் ஒரு பிள்ளை வாடை. துரையின் வாடை இல்லை, வேறு. கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் சூடு, நெய் உருக்கிய சட்டியைப் போல. என் மகளின் தலை இப்படித்தான் மணக்கும் என்று இருபத்து மூன்று நாள் கழித்துத் தெரிந்துகொண்டேன். சத்தம் போட்டு அழுதேன். அழும்போதே மார்பு இரண்டும் சுரீரென்று இழுத்தன. ஜாக்கெட் நனைந்து மடி வரைக்கும் ஒழுகியது.

மைனாவதி அக்கா தொட்டிலிலிருந்து துரையைத் தூக்கி ஓடி வந்தார். "புடி, புடி, இப்பக் குடு!"

கொடுத்தேன். துணி என் தோளில் கிடந்தது, மூக்கருகே. பால் தானாகப் பாய்ந்தது. அவன் திணறினான், இருமினான், மறுபடி பிடித்தான். ஐந்து நிமிடம் ஆயிற்று. அவன் வாய் தளரப் பார்த்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளாத குறையாக அசையாமல் இருந்தேன். அவன் கொஞ்சம் காத்துப் பார்த்தான். பிறகு விழுங்க ஆரம்பித்தான், மெதுவாக, க்ளக் க்ளக்கென்று. பன்னிரண்டு நிமிடம். கடைசியில் அவனாகவே விட்டுவிட்டு, வாயோரம் பால் வழிய, குடித்த ஆள் மாதிரி தலை சாய்ந்தான்.

தங்கச்சியை நினைத்துச் சுரந்தது, அண்ணன் குடித்தான். இந்த முறை நான் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

இரண்டு கிலோ இருநூற்று எழுபது.

நர்ஸம்மா இரண்டு முறை நிறுத்துப் பார்த்தார். நான்கு நாளில் தொண்ணூறு கிராம். ஆஸ்பத்திரி வேண்டாம். தராசில் தொங்கியபோது துரை வீறிட்டு அலறி நர்ஸம்மா சேலையை நனைத்தார். எட்டு வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். நர்ஸம்மாவிடம், "ரெண்டு தடவை உங்ககிட்டப் பொய் சொன்னேன் சிஸ்டர்" என்றேன். "தெரியும்மா. கதவைத் தள்ளிட்டு உள்ள வந்திருக்கணும். அது என் தப்பு" என்றார்.

நாளையிலிருந்து ஒரு பாட்டில் அனுப்பலாம். இவன் குடித்து முடித்தபின் மீந்தால் மட்டும். சிட்டு ஒரு கிலோ நானூற்றறுபது. இந்த நான்கு நாளில் எவளோ ஒருத்தியின் பாலில் நாற்பது கிராம் ஏறியிருக்கிறாள். சந்தோஷம்தான். சந்தோஷத்துக்கு நடுவே ஒரு முள்ளும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

நவம்பர் 18, செவ்வாய்

ஒரு பாட்டில் போயிற்று. முழுசாக நிரம்பவில்லை, முக்கால்.

நவம்பர் 19, புதன்

அரை பாட்டில். அடுத்த வியாழக்கிழமை தையலைப் பார்த்துவிட்டு, பயணம் போகலாமா என்று சொல்வார்கள். எட்டு நாள். எட்டு நாளை நான் எண்ணவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

நவம்பர் 20, வியாழன்

துரை இன்று தாமதமாக எழுந்தார், ஐந்தரைக்கு. எழுந்ததும் அகோரப் பசி. ஒரு பக்கத்தை முழுக்க வற்றவிட்டு, அடுத்த பக்கத்துக்கு வந்தார். பாட்டில் கொதித்து, ஆறி, மூடி திறந்து என் பக்கத்தில் காலியாக இருந்தது.

ஆறு ஐந்துக்கு மைனாவதி அக்கா பெட்டியோடு வாசலுக்கு வந்தார். உள்ளே ஐஸ் தயார்.

"என்னம்மிணி, ஆச்சா?"

"குடிக்கறானுங்க்கா."

பஸ் தெருமுனைக்கு வந்து நின்ற சத்தம் கேட்டது. எனக்காக இப்போதெல்லாம் இரண்டு நிமிடம் கூடுதலாக நிற்கிறார்கள். ஹாரன் ஒரு முறை. அக்கா என்னைப் பார்த்தார், பஸ் நிற்கிற திசையைப் பார்த்தார். நான் இவனைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது, தாடை ஆடிக்கொண்டிருந்தது. நெற்றியில் வியர்வை. ஒரு கை என் ஜாக்கெட் விளிம்பைப் பிடித்திருந்தது, அப்படி ஒன்றும் இறுக்கமாக இல்லை. விரலை வாயோரத்தில் வைத்தால் விட்டுவிடுவான். இரண்டு நிமிடம் போதும். பாதி பாட்டில் வந்துவிடும். கடைசிப் பால், ஏடு கட்டியது.

ஹாரன் இன்னொரு முறை.

"போகச் சொல்லுங்க்கா" என்றேன்.

அக்கா தெருமுனைக்குப் போனார். கண்டக்டர் விசிலும் பஸ் கியர் மாற்றும் சத்தமும் கேட்டன. அது மேடேறிப் போய் மறையும் வரை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். இவன் நிறுத்தவில்லை.

சிட்டு, இன்றைக்கு அம்மா வரவில்லை. அங்கே யாரோ ஒருத்தி உனக்குக் கொடுப்பாள். குடித்துவிடு, கண்ணு.